நாலாவது பிஸ்டன்

"அப்பா, நாலாவது பிஸ்டனை யாரு மாட்டுனது?"

மகள் இதைக் கேட்டபோது நான் பட்டறை வாசலில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் சிஸ்டருடைய வண்டியின் முன்பக்கத்துக்குள் பாதி உடம்பை விட்டுக் கவிழ்ந்து கிடந்தாள். இன்ஜினின் மேல்மூடியை, நாங்கள் ஹெட் என்று சொல்வதை, முந்தின நாள்தான் கழற்றி வைத்திருந்தோம். உள்ளே ஆறு பிஸ்டன்களின் தலைகளும் கரி பிடித்துக் கிடந்தன. மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் அவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய கம்பெனியில் ஒரு வருஷம் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கை அழுக்காகாத வேலை எனக்கு ஒத்துவரலப்பா" என்று திரும்பி வந்தவள். இருபத்து மூன்று வயது ஆகிறது, தெருவே இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறது. அவளுக்கு அதில் எரிச்சல். எங்களுக்குப் பழகிவிட்டது, என்ன செய்ய.

"யாரு மாட்டுனா என்ன? தேய்க்கிற வேலையப் பாரு" என்றேன்.

"நீங்க வந்து பாருங்க முதல்ல."

குரலில் வழக்கமான கேலி இல்லை. டீயைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். பிஸ்டன் தலையில் ஒரு சின்ன அம்புக்குறி வெட்டியிருப்பார்கள். அது வண்டியின் மூக்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் ஓடும், ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் அடித்துக்கொண்டே ஓடும். ஐந்து அம்புகள் ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாலாவது மட்டும் டிரைவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாப்பா அதைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தாள். அந்தச் சிலிண்டரின் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உரசல், நகம் உள்ளே இறங்குகிற ஆழம். மற்ற ஐந்தும் பளபளவென்று இருந்தன.

அந்த இன்ஜினை இதற்கு முன்னால் பிரித்துப் பூட்டியவன் உலகத்தில் ஒரே ஒருத்தன்தான். அவன் என் வீட்டில்தான் சாப்பிடுகிறான், என் சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறான்.

"எவனோ கண்ணு தெரியாதவன் மாட்டியிருக்கான்" என்ற மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிரஷ்ஷை மண்ணெண்ணெய்க்குள் போட்டாள்.

சிஸ்டர் என்று நான் சொல்வது ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலைமேல் இருக்கிற பதினோரு குடியிருப்புகளுக்கும் ஒரே நர்ஸாக இருப்பவரை. என்னைவிட மூன்று வயது இளையவர். என்னை அண்ணே என்பார், என் மகளுக்கு அவர் அத்தை. வண்டி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய பெட்ரோல் டிரக். அதற்கும் சிஸ்டருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடுகிற சத்தம் கேட்கும். பின்னால் தடுப்பூசிப் பெட்டிகள் போகும், அரிசி மூட்டைகூடப் போகும், பிரசவ வலி கண்ட பெண்கள் வருவார்கள். மழைக்காலத்தில் அந்த ஆற்றைத் தாண்டுகிற வண்டி அது ஒன்றுதான். மற்ற வண்டிக்காரர்கள் கரையில் நின்று தலையைச் சொறிவார்கள்.

சிஸ்டருக்கு ஒரு பழக்கம். வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எதனால போச்சுண்ணே?" என்று கேட்பார். பெல்ட் அறுந்தாலும் சரி, பேரிங் தேய்ந்தாலும் சரி, காரணம் சொல்லாமல் ஆளை நகர்த்த முடியாது. "பழசாயிடுச்சு சிஸ்டர்" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். "பழசானா போயிடணும்னு சட்டமா? நானும்தான் பழசு" என்பார். மலைமேல் ஒரு உயிர் போனால் ஏன் போயிற்று என்று விசாரித்து எழுதி அனுப்ப வேண்டிய வேலை அவருடையது. அந்தப் புத்தி ஸ்க்ரூ வரைக்கும் வந்துவிட்டது. காரணம் சொன்னதும் தலையாட்டிவிட்டு, கடைசியில் தவறாமல் ஒன்று சொல்வார்: "எது போனாலும் இன்ஜின் என்னைக் கைவிடலண்ணே. உங்க கைராசி."

வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இதைக் கேட்பேன். பொய் சொல்வானேன், அதைக் கேட்பதற்காகவே மற்ற வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு அவர் வண்டியை முதலில் எடுப்பேன். புகழ்ச்சிக்கு மயங்காதவன் மாதிரி முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நிற்பேன். உள்ளுக்குள் அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் படாது.

இந்தத் தடவை வண்டி நீலப் புகையோடு வந்தது. எண்ணெயைக் குடித்தது, மேட்டில் மூச்சு வாங்கியது. இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இருக்கிற இன்ஜினையே முழுதாகப் பிரித்து வேலை பார்ப்பது. நாலாவது சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்கிற புதுக் குழாயை இறக்க வேண்டும்; ஆறு பிஸ்டன்களும் புதிதாக வர வேண்டும். இந்த வயசு வண்டிக்கு எவன் கடையில் பிஸ்டன் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்? ஐந்து வாரம் என்று சொன்னால் ஆறு என்று அர்த்தம். மழைக்கு ஆறு வாரம்தான் இருந்தது. இன்னொரு வழி, இன்ஜினையே மாற்றிவிடுவது. பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் ஒரு டீசல் இன்ஜின் கிடந்தது, மரத்தில் மோதி முகம் நசுங்கிய ஒரு புது வண்டியிலிருந்து எடுத்தது. இழுவை அதிகம், சத்தம் குறைச்சல், மூன்றே வாரத்தில் ஏற்றிவிடலாம்.

ஆனால் அதற்கு இடம் செய்ய வேண்டுமானால் சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இன்ஜின் உட்காருகிற பழைய தாங்கிகளை அறுத்தெறிய வேண்டும். அறுத்தபிறகு பழைய இன்ஜின் திரும்ப அங்கே உட்காராது. அதோடு அந்த டீசலுக்குக் கம்ப்யூட்டர் மாதிரி ஒரு மூளைப்பெட்டி உண்டு, ஒரு கூடை வயர் உண்டு. ஆற்றில் தண்ணீர் பம்பருக்கு மேல் வரும் நாளில் அந்த மூளைக்குள் நாலு சொட்டு இறங்கினால் போதும், நடு ஆற்றில் நிற்க வேண்டியதுதான். பழைய இன்ஜின் நனைந்து நின்றால் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடுகிற டப்பாவின் மூடியைச் சிஸ்டரே கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுக் கிளப்பிவிடுவார். என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும், "மாத்தாத, வேலை பாரு" என்றுதான் சொல்லியிருப்பேன். அம்புக்குறியைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டிருந்தால்.

வேலை பார்ப்பதென்றால் அவர் வந்து நிற்பார். ஐந்து சிலிண்டர் நன்றாக இருக்க நாலாவது மட்டும் எதனால் போயிற்று என்று கேட்பார். மாற்றுவதென்றால் இன்ஜினை அப்படியே தூக்கி ஓரமாகப் போட்டுத் தார்ப்பாயை மூடிவிடலாம்.

அந்த பிஸ்டனை மாட்டிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்போது சிஸ்டர் மலைக்கு வந்து புதிது. வண்டியை இன்ஜின் வேலைக்கு விட்டுவிட்டு, பட்டறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என்னைக் கேள்வியால் துளைத்துக்கொண்டிருந்தார். பிஸ்டன்களை ஜோடி ஜோடியாக மாட்டுவது என் வழக்கம்: ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நாலும். மூன்றை மாட்டி முடித்தபோது பக்கத்து வீட்டுக்காரம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். என் வீட்டுக்காரிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. ஒரு மாதம் முன்னதாகவே. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிஸ்டர்தான் பையை எடுத்துக்கொண்டு, "நில்லாதீங்கண்ணே, வழியக் காட்டுங்க" என்று தெருவில் எனக்கு முன்னால் ஓடினார். வழி தெரியாதவர் முன்னால் ஓட, வழி தெரிந்தவன் பின்னால் ஓடினேன்.

பிள்ளை கழுத்தில் கொடி இரண்டு சுற்று சுற்றி நீலமாக வந்தது. அழவில்லை. நான் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே வரக்கூடாது என்று சொல்லியும். சிஸ்டர் கொடியை எடுத்தார், வாயைத் துடைத்தார், முதுகைத் தேய்த்தார், தன் வாயால் ஊதினார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது; பிறகு கேட்டபோது மூன்று நிமிஷம் என்றார். குழந்தை கத்தியது. அதைவிடப் பெரிதாக நான் கத்தினேன் என்று வீட்டுக்காரி இன்றைக்கும் கிண்டல் செய்வாள்.

மறுநாள் காலை பட்டறையைத் திறந்தேன். ராத்திரி தூங்காததில் கண் வீங்கியிருந்தது. தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்த்து, "என்ன, பொண்ணாமே!" என்றான். எல்லோருக்கும் கையை ஆட்டினேன். பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தேன், என் குரலுக்கு. சிஸ்டர் சாயங்காலம் வண்டி வேண்டும் என்று கேட்டிருந்தார். மலைமேல் இரண்டு பேருக்கு நாள் நெருங்கியிருந்தது. நாலாவது பிஸ்டன் ஒன்றுதான் பாக்கி. எடுத்து உள்ளே தட்டினேன். அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நான் பார்த்தே இருக்க மாட்டேன்.

சரி, சந்தோஷத்தில் கை தவறிவிட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் பிறகு இருபத்து மூன்று வருஷம் இருந்ததே. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பினால் முதல் இரண்டு நிமிஷம் டொக்கு டொக்கு என்று உள்ளே ஒரு தட்டல் கேட்கும், சூடானதும் அடங்கிவிடும். முதல் சர்வீஸிலேயே சிஸ்டர், "அதென்னண்ணே சத்தம்?" என்று கேட்டார். "வயசான வண்டி, காலைல கொஞ்சம் இருமும்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு வேலைக்காரனின் காதுக்கு அது இருமல் இல்லை என்று தெரியும். திறந்து பார்த்தால் என்ன தெரியுமோ என்று நான் திறக்கவே இல்லை. அந்தத் தட்டலைக் கேட்காமல் இருப்பதற்காக அவர் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் நான் பேசிக்கொண்டே இருப்பேன் என்பது இப்போது யோசித்தால் தெரிகிறது.

அன்று மத்தியானம் சிஸ்டருக்குப் போன் செய்தேன். மலையில் சிக்னல் கிடைக்கிற ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறி நின்றுதான் பேசுவார். காற்றுச் சத்தம் கேட்டது.

"சிஸ்டர், இன்ஜினை மாத்திடலாம்னு தோணுது. பழசுக்குப் பார்ட்ஸ் கெடைக்காது. மழை வேற வருது."

"பழசு தேறாதாண்ணே?"

"தேத்தலாம். ஆனா நாளாகும்."

"நீங்க சொன்னா சரிண்ணே. உங்களுக்குத் தெரியாததா" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் கையில் துணியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் மாத்தணும்? பிளாக் கல்லு மாதிரி இருக்கு. ஒரு ஸ்லீவ் போட்டா முடிஞ்சுது."

"எனக்குப் பாடம் எடுக்காத. மழைக்குள்ள முடியணும்."

"மூளைப்பெட்டிக்குள்ள தண்ணி போனா?"

"மேல தூக்கி வெச்சிக்கலாம்."

"ம்" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டே, "பக்கவாட்டு மூடிக்குள்ள தேதி பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு இன்ஜினைப் பூட்டி முடித்தால் மூடியின் உள்பக்கம் பஞ்ச் வைத்துத் தேதியைத் தட்டுவது என் வழக்கம். யாரும் பார்க்காத இடத்தில் நாம் இருந்தோம் என்று ஒரு அடையாளம், அவ்வளவுதான். அந்தத் தேதி அவள் பிறந்தநாளுக்கு மறுநாள். அவள் பிறந்த கதையை அவள் அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். கூட்டிக் கழிக்க அவளுக்கா தெரியாது.

இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. வீட்டுக்காரி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னங்க, அப்பனும் மகளும் உள்ளுக்குள்ளயே குமையறீங்க, பட்டறைல யாராவது எதையாவது முழுங்கிட்டீங்களா?" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். முழுங்கியதுதான் தொண்டையில் நின்றது.

மூன்றாம் நாள் காலை தாங்கிகளை அறுப்பது என்று முடிவு. சேஸில் அறுக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். கோடு நேராக வரவில்லை, அழித்துத் திரும்பப் போட்டேன். காஸ் கட்டரை எடுத்து மகளிடம் நீட்டினேன். அறுப்பதில் அவள் கை என் கையைவிட நிதானம்.

"நான் அறுக்க மாட்டேன்" என்றாள். "வேற எந்த வேலை வேணும்னாலும் சொல்லுங்க. இதை நீங்களே அறுங்க."

நானே பற்ற வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். சுடர் சீறிக்கொண்டிருந்தது. கோட்டில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. வைக்கவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது மாதிரி அப்படியே நின்றேன். அப்போது வாசலில், "அண்ணே, இருக்கீங்களா?" என்று குரல் கேட்டது.

ஆற்றங்கரை வரை நடந்து, அங்கிருந்து யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். புடவை ஓரமெல்லாம் சேறு. நான் கட்டரை அணைத்தேன். "என்ன சிஸ்டர் இவ்ளோ தூரம்?"

"சும்மாதாண்ணே. பழசைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு." அவருக்கே வெட்கமாக இருந்தது போல, சிரித்தார். வண்டியின் முன்னால் போய், துணி போட்டு மூடியிருந்த இன்ஜினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். நோயாளியின் நெற்றியில் வைக்கிற கை. "எத்தனை பேரைத் தூக்கிட்டு வந்திருப்ப. ஒரு நாளாவது நடுவழியில விட்டியா? நல்லா இரு" என்று அதனிடம் சொன்னார். இரும்பிடம் பேசுகிறோம் என்ற கூச்சமே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எதனால போச்சுண்ணே?"

பழசாயிடுச்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன். மகள் அந்தப் பக்கம் திரும்பி நின்று ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே அடுக்கிய ஸ்பேனர்களை. நான் இன்ஜின்மேல் கிடந்த துணியை இழுத்துக் கீழே போட்டேன்.

"என்னாலதான் சிஸ்டர்."

சொல்லிவிட்டேன். அம்பைக் காட்டினேன், உரசலைக் காட்டினேன், அவர் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தேன். எந்த நாளில் மாட்டினேன் என்று சொன்னேன். இருமல் என்று சொன்னது இருமல் இல்லை என்றும் சொன்னேன். போனில் மாற்றலாம் என்றது மழைக்காக இல்லை, நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக என்றும் சொன்னேன். கடைசி வார்த்தை வரும்போது அழுதுவிட்டேன். அறுபத்தொரு வயசில் அழுவது பெரிய அசிங்கம் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

சிஸ்டர் அந்த நாலாவது சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இது எந்த நேரத்துலயும் நின்னிருக்கலாம்."

"நின்னிருக்கலாம்."

"ஆத்துல. ஆளை வெச்சிட்டு."

"ஆமா சிஸ்டர்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"பிஸ்டனைத் திருப்பிப் போட்டதுக்கு நான் உங்களை என்னண்ணே சொல்றது? அன்னிக்கு ராத்திரி கண்ணு மூடாதவரை, சாயங்காலம் வண்டி வேணும்னு நெருக்குனதே நான்தான். என் கையிலயும் தப்பு நடந்திருக்கு. ஒரு வீட்டுல நான் கவனிக்க வேண்டியதைக் கவனிக்கல. மறுநாள் நடந்தே போயி அவங்க முன்னாடி நின்னு சொன்னேன். அடிச்சாலும் வாங்கிக்கலாம்னுதான் போனேன். பாறைமேல ஏறி நின்னு போன்ல சொல்லல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீங்க சொன்னா சரின்னு சொன்னேனே, என் வாயால. அதை வாங்கி வெச்சுக்கிட்டீங்களே. அதுதாண்ணே எனக்கு ஆறல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிச்சிடுங்க என்றேன். எனக்கே அது கேட்டதா என்று தெரியவில்லை. பட்டறையில் காற்றில் ஏதோ தகரம் அடித்துக்கொண்டிருந்தது.

மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அத்தை, மொத்தத்துல பாத்தா நான் பொறந்ததுதான் பிரச்சனைன்னு தெரியுது."

"நீ இல்லடி. உன் கொடி" என்றார் சிஸ்டர், சிரிக்காமல். அப்புறம் சிரித்துவிட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, என்னைப் பார்க்காமல் அவளிடம் கேட்டார்: "நீ சொல்லு. மாத்தறதா, வேலை பாக்கறதா?"

என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார் என்று புரிந்தது. வலித்தது. நியாயம்தான் என்றும் தெரிந்தது. மகள் அவசரப்படவில்லை. நாலாவது சிலிண்டருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தாள்.

"வேலைதான் பாக்கணும் அத்தை. ஆனா ஆறு வாரம் ஆகும். மழை முந்திக்கிட்டா நான் பொறுப்பில்ல."

"முந்திக்கிட்டா நடக்கறேன். வண்டி வர்றதுக்கு முன்னாடி நடந்தவதானே."

மழை முந்திக்கொள்ளப் பார்த்தது. பிஸ்டன் கிடைக்க எட்டு நாள் ஆயிற்று. எங்கேயோ ஒரு தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற பம்ப்பில் இதே இன்ஜின் ஓடியிருக்கிறது, அந்தக் குடும்பம் ஒரு செட் பிஸ்டனைப் பிரிக்காமலே பெட்டியில் வைத்திருந்தது. போனில் பிடித்தவள் பாப்பா. லேத்காரர் ஸ்லீவை இறக்கிக் கொடுப்பதற்குள் எங்கள் உயிரை எடுத்துவிட்டார். நான் மகள் சொன்ன வேலையைச் செய்தேன், கழுவினேன், துடைத்தேன், தூக்கினேன், வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து, நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "அன்னிக்கு அந்தம்மா இங்க ஸ்டூல்ல உக்காந்திருக்காம மலையில இருந்திருந்தா?" எத்தனையோ வருஷமாக அந்தக் கேள்வியைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தோம். அவர் வண்டி கெட்டுப்போய் வந்ததால்தான் அவர் அன்று அங்கே இருந்தார். அந்த இன்ஜினுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? தப்பாகப் பூட்டிக் கொடுத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

பிஸ்டன் மாட்டுகிற நாளில் முதல் தூறல் விழுந்தது. மகள் ஒன்றும் ஆறும் மாட்டினாள், இரண்டும் ஐந்தும் மாட்டினாள், மூன்றை மாட்டினாள். பிறகு நகர்ந்து நின்று கையைத் துடைத்தாள்.

"நாலாவது நீங்க போடுங்க."

"வேணாம் பாப்பா."

"போடுங்கப்பா. தூறல் பெருசாகுது."

போட்டேன். மகளும் வீட்டுக்காரியும் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மாவுக்கு பிஸ்டனுக்கும் பூரிக்கட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும், "அம்பு எந்தப் பக்கம் பாக்குது, சரியாச் சொல்லுங்க" என்று அதட்டினாள்.

அதிலிருந்து எட்டாம் நாள் வண்டியை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனோம், மகள் ஓட்ட, நான் பக்கத்தில். மழை நாலு நாளாகப் பெய்து, தண்ணீர் காவி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் இந்தக் கரைக்கு வந்து காத்திருந்தார். காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் தாண்டி வந்திருக்கிறார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். என்னைப் பார்த்து, "நல்லாருக்கீங்களாண்ணே?" என்றார். ஆறு வாரத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. கைராசி என்று சொல்லவில்லை. சொல்வார் என்று நான் எதிர்பார்த்துவிட்டேனோ என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

நான் இறங்கி, அவர் ஏற கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் போக வேறு வண்டி பிடிக்கலாம் என்று யோசனை.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார். "இருபத்தி மூணு வருஷமா நீங்க ஓட்டிப் பாத்தது உங்க தெரு முனை வரைக்கும்தான். பின்னாடி ஏறுங்க. இன்னிக்கு மேல வந்து பாருங்க."

பின்னால் ஏறினேன். அந்த வண்டியின் பின்பக்கத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. என் உலகமெல்லாம் முன்மூடிக்கு அடியில்தான். நீளமாக ஒரு பலகை, அதன்மேல் ரெக்ஸின் போட்ட மெத்தை. சுவரில் தடுப்பூசிப் பெட்டிக்கு வார்கள். பலகையின் ஒரு முனையில் மடித்து வைத்த போர்வைகள். வண்டி சரிவில் இறங்கியது. மகள் கியரைக் குறைத்தாள், முன்சக்கரங்கள் தண்ணீரைத் தொட்டன. இன்ஜின் ஒரே சீராக இழுத்தது. ஒரு தட்டல் இல்லை. அடித்தளத்துக்குக் கீழே தண்ணீர் வந்து மோதுகிற சத்தம் கேட்டது, பலகை அதிர்ந்தது. எனக்குப் பிடிமானம் வேண்டியிருந்தது.

பலகைக்கு மேலே, தலை வைக்கிற பக்கமாக, சுவரோடு ஒரு இரும்புக் கம்பி ஓடியது. வண்டி முழுக்க அடித்திருந்த அதே பச்சைப் பெயிண்ட்தான் அதற்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெயிண்ட் இல்லை. இரண்டு கை அகலத்துக்கு, வெறும் இரும்பு வெள்ளையாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. வலியில் மல்லாந்து படுத்திருக்கிற ஒருத்தி கைகளைத் தலைக்குமேல் நீட்டினால் எட்டுகிற இடம்.

வண்டி ஒரு கல்லில் ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முன்னால் சிஸ்டர், "மெதுவா, மெதுவா, இப்போ நேரா விடு" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டு கையாலும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டேன். வழவழவென்று இருந்தது, லேசான சூட்டோடு. கதவிடுக்கில் தண்ணீர் நூலாக உள்ளே வந்து என் செருப்பை நனைத்தது. நாங்கள் நடு ஆற்றில் இருந்தோம்.